விஷவாயுவும் வெற்று ரிஜிஸ்தரும்

(தொழிற்சங்க ஊழியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்கு நமக்குத் தரப்பட்ட தலைப்பு, "ஆலைகளில் ரசாயனப் பொருள்களும் நிர்வாகம் வைக்கவேண்டிய பதிவேடுகளும்" என்பதாகும். தலைப்பை வாசித்ததும் பின்வரிசையில் இரண்டொரு தோழர்கள் கொட்டாவி விட்டதைப் பார்த்தோம். கோபமில்லை. போனஸ் என்றால் காது நிமிரும். ரிஜிஸ்தர் என்றால் கண் சொருகும். நாமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தோம். அந்த அசட்டைக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். நமது சங்கக் காரியாலயத்துக்கு ஒரு அம்மாள் தம் கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பார்த்தால் எழுபது சொல்லலாம். வயிறு மட்டும் உப்பி, கைகால் குச்சியாகி, கண் மஞ்சள் பூத்திருந்தது. பி.வி.சி. தூள் தயாரிக்கும் ஒரு ஆலையில் 1989 முதல் 2008 வரை காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தவர். என்ன வேலை? ரியாக்டர் கிளீனிங். ஒரு ஈடு சரக்கு இறங்கியதும் அந்த ராட்சதப் பாத்திரத்தின் உட்சுவரில் அடை அடையாகப் படிந்து நிற்கும். மேன்ஹோல் வழியாக உள்ளே இறங்கி, அதைச் சுரண்டி எடுத்து மேலே அனுப்பவேண்டும். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி. கூலிக்கு மேலே தினம் கால் லிட்டர் பாலும் ஒரு கட்டி வெல்லமும் கொடுத்தார்களாம். வெல்லம் தின்றால் விஷம் முறியும் என்று எந்த வைத்திய சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ, நமக்குத் தெரியாது!

சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஈரலில் கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்த டாக்டர் நல்ல மனிதர். "எந்த ரசாயனத்தில் வேலை செய்தீர்கள்? எத்தனை வருஷம்? எந்த அளவு காற்றில் இருந்தது? ஆலையிலிருந்து எழுதி வாங்கி வாருங்கள்" என்று கேட்டிருக்கிறார். ஆலை வாசலுக்குப் போனார்கள். "இந்தப் பெயரில் எங்கள் ரோலில் ஆள் இல்லை, காண்ட்ராக்டரைக் கேளுங்கள்" என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் காண்ட்ராக்டர் நாலு பேர் மாறியிருக்கிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் ஊரிலேயே இல்லை, மற்ற இருவரும் கணக்குப் புத்தகம் கறையானுக்குப் போயிற்று என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த அம்மாள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது சாயம்போன ஒரு கேட் பாஸும் இரண்டு காண்டீன் டோக்கனும்தான்.

"அண்ணா, இத்தனை வருசமா இவரு விடியக்காலம் சோத்துப் போசியத் தூக்கிட்டு அங்கதானே போனாரு, ஊரே பாத்துச்சே. இப்ப அங்க வேலையே செய்யலைன்னு சொன்னா என்னங்கண்ணா அர்த்தம்?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இருக்கவில்லை.

பதில் தேட நாம் கொஞ்ச தூரம் போகவேண்டியிருக்கிறது; அமெரிக்காவுக்கே போகவேண்டியிருக்கிறது.

பி.வி.சி. என்பது நம் வீட்டுக் குழாய், ஒயர், செருப்பு எல்லாவற்றிலும் இருக்கும் சாது. ஆனால் அது எதிலிருந்து பிறக்கிறதோ அந்த வினைல் குளோரைடு சாது அல்ல. அது ஒரு வாயு. நிறம் கிடையாது. லேசான இனிப்பு வாடை உண்டு என்பார்கள். அந்த வாடை நம் மூக்குக்குத் தெரியும்போது, காற்றில் அதன் அளவு இன்று அனுமதிக்கப்படும் வரம்பைப் பல நூறு மடங்கு தாண்டியிருக்கும். ஆகவே இந்த விஷயத்தில் தொழிலாளியின் மூக்கு சாட்சி சொல்லாது. கண்ணும் சொல்லாது. கருவி வைத்து அளந்து, அளந்ததை எழுதி வைத்தால்தான் உண்டு.

கெண்டக்கி மாகாணத்தில் லூயிவில் என்னும் ஊரில் பி.எப். குட்ரிச் கம்பெனியின் பி.வி.சி. ஆலை இருந்தது. 1974 ஜனவரியில் அந்தக் கம்பெனி சர்க்காருக்கு ஒரு தகவல் கொடுத்தது. அந்த ஆலைத் தொழிலாளிகள் மூன்று பேர் ஈரலின் ரத்தக் குழாயில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயால் இறந்திருக்கிறார்கள். ஆஞ்சியோசர்க்கோமா என்று அதற்குப் பெயர். மிக மிக அபூர்வமான நோய். ஒரு டாக்டர் தம் ஆயுள் முழுவதும் ஒரு கேஸ்கூடப் பார்க்காமல் இருந்துவிடலாம். அது ஒரே ஆலையில் மூன்று! ஆலை டாக்டராக இருந்த ஜான் கிரீச் என்பவர்தான் இதைச் சேர்த்துப் பார்த்தவர். மூன்று பேரும் அந்த வாயுவைக் கெட்டியாக்கும் பகுதியில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். இந்த நோய் வெளிப்பட சாதாரணமாகப் பதினைந்து, இருபது வருஷம், அதற்கு மேலும்கூட ஆகும்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். அந்த மூன்று மரணங்களும் ஒன்றோடொன்று சேர்ந்தது எப்படி? மூன்று பேரும் ஒரே கம்பெனியின் நேரடித் தொழிலாளிகள். ஒரே டாக்டரின் பார்வையில் இருந்தவர்கள். எவன் எந்தப் பகுதியில் எத்தனை வருஷம் நின்றான் என்று எடுத்துப் பார்க்கக் காகிதம் இருந்தது. இவர்களே நம்மூர்க் காண்ட்ராக்ட் தொழிலாளிகளாக இருந்திருந்தால்? ஒருவர் தம் கிராமத்தில் மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி தின்று செத்திருப்பார். இன்னொருவரைக் குடித்துக் குடித்து ஈரல் கெட்டது என்று சொல்லியிருப்பார்கள். மூன்றாமவருக்கு வயிற்றில் கட்டி, விதி. மூன்று ஊரில் மூன்று சாவு. நோய் ஒன்றே என்று யாருக்கும் தெரிந்திருக்காது. வினைல் குளோரைடு இன்றும் நல்ல பெயரோடு உலாவிக்கொண்டிருக்கும்.

அந்த நாட்டு முதலாளிகள் யோக்கியர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1970ஆம் ஆண்டிலேயே இத்தாலிய டாக்டர் வியோலா, இந்த வாயுவைச் சுவாசித்த எலிகளுக்குப் புற்றுநோய் வருகிறது என்று மகாநாட்டில் சொல்லிவிட்டார். பின்னர் பொலோனா நகரத்தில் மால்டோனி என்ற நிபுணர், ஐரோப்பியக் கம்பெனிகளின் பணத்திலேயே ஆராய்ச்சி நடத்தி, பத்து லட்சம் பங்கு காற்றில் 250 பங்கு இருந்தாலே எலியின் ஈரலில் அதே புற்று தோன்றுகிறது என்று கண்டார். அப்போது அமெரிக்காவில் சட்டம் அனுமதித்த வரம்பு 500 பங்கு! அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இந்தச் சேதி 1973ஆம் ஆண்டு துவக்கத்திலேயே கிடைத்துவிட்டது. ஆனால் ரகசியம் காப்பதாக 1972இல் கையெழுத்திட்டிருந்தார்கள், தொழிலாளியிடம் சொல்லவில்லை. எலிக்கு என்ன ஆயிற்று என்று முதலாளிக்குத் தெரியும். தனக்கு என்ன ஆகப்போகிறது என்று தொழிலாளிக்குத் தெரியாது.

செய்தி அம்பலமான பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. 1974 ஏப்ரலில் அவசர உத்தரவு போட்டு வரம்பை 50 பங்காக இறக்கினார்கள். அக்டோபரில் நிரந்தர விதி வந்தது: எட்டு மணி நேரச் சராசரி 1 பங்குக்கு மேல் போகக்கூடாது, எந்தப் பதினைந்து நிமிஷத்திலும் சராசரி 5 பங்குக்கு மேல் போகக்கூடாது. முதலாளிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இருபது லட்சம் பேர் வேலை இழப்பார்கள், தொழிலே படுத்துவிடும் என்று கணக்குப் போட்ட அறிக்கையைக் காட்டினார்கள். கோர்ட்டுக்குப் போய் 1975இல் தோற்றார்கள். அப்புறம்? கசிவை அடைத்தார்கள், ரியாக்டரை ஆள் இறங்காமல் கழுவும் முறையைக் கொண்டுவந்தார்கள், தொழிலும் நடந்தது, லாபமும் வந்தது.

இன்றைய தலைப்புக்கு வேண்டியது அந்த விதியின் கடைசிப் பகுதி. பதிவேட்டில் தொழிலாளியின் பெயர் இருக்கவேண்டும். எந்தத் தேதியில் அளந்தார்கள், எந்த அளவு வந்தது, எந்தக் கருவியால், எந்த முறையில் அளந்தார்கள் என்பது இருக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் தனியாக அளக்கவில்லை என்றால், எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு பட்டது என்று பின்னால் கணக்கிடத் தேவையான விவரமும் இருக்கவேண்டும். அந்த ஏட்டைக் குறைந்தது 30 ஆண்டு வைத்திருக்கவேண்டும். வைத்தியப் பதிவேடு வேலைக்காலமும் அதற்குமேல் 20 ஆண்டும், அல்லது 30 ஆண்டு, இரண்டில் எது அதிகமோ அதுவரை.

முப்பது ஆண்டு ஏன்? நோய் இருபது ஆண்டு ஒளிந்திருக்கிறது அல்லவா, அதனால்தான். மூன்று வருஷத்தில் கிழித்துப் போடலாம் என்று விட்டால் குற்றவாளி ஊரை விட்டுப் போனபிறகு போலீஸ் வந்த கதைதான். 1980இல் இன்னொரு பொது விதி வந்தது. தொழிலாளியோ, அவர் எழுதிக்கொடுத்தால் அவருடைய சங்கமோ கேட்ட 15 நாளில் அந்த ஏட்டைக் காட்டவேண்டும்; ஆலை கைமாறினால் ஏடும் கைமாறவேண்டும். மனுக் கொடுத்து, கெஞ்சி, ஆறு மாதம் அலைந்து அல்ல, 15 நாளில்!

சரி, ஏடு இருக்கிறது என்றாலே போதுமா? போதாது. ஏட்டில் பொய் எழுதவேண்டிய அவசியம்கூட இல்லை தோழர்களே. உண்மையையே எழுதி ஏமாற்றலாம். கணக்குப் போட்டுக் காட்டுகிறோம், பென்சில் எடுங்கள்.

ஒரு ஷிப்ட் 480 நிமிஷம். ஒருவர் ரியாக்டருக்குள் 15 நிமிஷம் நிற்கிறார். அங்கே 30 பங்கு வாயு. மீதி 465 நிமிஷம் வெளியே நல்ல காற்று. பதினைந்து என்பது 480இல் 32இல் ஒரு பாகம். முப்பதை 32ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கும் குறைவு. ஏட்டில் "வரம்புக்குள்" என்று ஏறிவிடும்! எட்டு மணிச் சராசரி ஒன்றை மட்டும் எழுதினால் அந்த 15 நிமிஷம் மாயமாகிவிடுகிறது. அதனால்தான் பதினைந்து நிமிஷ அளவும் தனியாகக் கேட்கிறோம். நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 2வது அட்டவணையும் இந்த இரண்டு வகை வரம்பையும் வைத்திருந்தது.

இன்னொரு வித்தை, எங்கே அளப்பது என்பது. சட்டைக் காலரில் சின்னக் குழாயை மாட்டி, இடுப்பில் சிறிய பம்பைக் கட்டி, தொழிலாளி இழுக்கிற காற்றையே பிடித்து அளக்கும் முறை இருக்கிறது. அதை விட்டுவிட்டு, சூப்பர்வைசர் அறை வாசலில் ஸ்டாண்டு நட்டு அளந்தால் என்ன வரும்? சூப்பர்வைசருக்கு ஆபத்தில்லை என்று வரும். ஷட்டவுன் நாளில் அளப்பது, இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் அளப்பது, பகல் ஷிப்டில் அளந்துவிட்டு கசிவு வருகிற ராத்திரி ஷிப்டை விட்டுவிடுவது, இவையும் நாம் கேள்விப்பட்ட கைங்கரியங்கள். ஆகவே ஏட்டைப் பார்க்கிற தோழர் எண்ணை மட்டும் பார்க்கக்கூடாது. எந்த நாள், எந்த இடம், எவருடைய காலரில், அன்று ஆலை முழுவீச்சில் ஓடிற்றா என்று கேட்கவேண்டும்.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஆரம்பத்தில் இதற்குப் பெரிய இடம் இருக்கவில்லை. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபிறகுதான் கண் திறந்தது. 1987இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 41சி பிரிவு, ரசாயனத்துக்கும் நச்சுப் பொருளுக்கும் ஆளாகும் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவேட்டைச் சரியாகவும் அன்றன்றைக்கும் வைத்திருப்பது ஆலை நடத்துபவரின் கடமை என்றது. அதைத் தொழிலாளி பார்க்கலாம் என்றும் சொன்னது. 111ஏ பிரிவு, தன் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. நம்முடைய அந்தத் தோழர் 1989இல் ரியாக்டருக்குள் இறங்கும்போது இந்த இரண்டு பிரிவும் அமுலில் இருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. மின்சாரம் வைத்து நடத்தும் இடத்தை ஆலை என்று கொள்ளப் பத்துப் பேர் என்றிருந்ததை இருபது பேர் ஆக்கியது உட்பட அதில் நாம் சண்டை போடவேண்டியவை பல. அதற்குத் தனி வகுப்பு இருக்கிறது. ஆனால் அபாயகரமான தொழிலில் உடல்நலப் பதிவேடு வைக்கும் கடமை அதிலும் நிற்கிறது. "பழைய சட்டம் போயிற்று, ஏடும் போயிற்று" என்று எந்த மானேஜராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எத்தனை காலம் வைப்பது? ஆஸ்பெஸ்டாஸ் தொழிலைப் பற்றி ஆமதாபாத்திலுள்ள ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1995 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும், வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலில் பல பத்தாண்டு பதுங்கியிருக்கும் என்பதே காரணம். வினைல் குளோரைடும் பதுங்குகிறது, பென்சீனும் பதுங்குகிறது. அதே விதியை இங்கும் ஏன் வைக்கக்கூடாது என்று ஒப்பந்தப் பேச்சில் கேட்பதற்கு நமக்கு என்ன தடை? கேட்டதில்லை, அவ்வளவுதான்.

காண்ட்ராக்ட் தொழிலாளியின் நிலைமைதான் மகா கொடுமை. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், அட்டவணையின் பல நோய்களுக்கு, ஒரே முதலாளியிடம் தொடர்ச்சியாக ஆறு மாதமாவது வேலை செய்திருக்கவேண்டும் என்று கேட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை வேறு காண்ட்ராக்டர் பெயருக்கு மாற்றுவது எதற்காக என்று இப்போது புரிகிறதா? காண்ட்ராக்டரிடம் இருந்தாலும் மூல முதலாளி பொறுப்பு என்று அதே சட்டத்தின் 12வது பிரிவு சொன்னது உண்மை. ஆனால் அந்த மதில்சுவருக்குள் அவர் வேலை செய்தார் என்பதை முதலில் மெய்ப்பிக்கவேண்டுமே!

ஆலை மூடிவிட்டாலும் இதே கதிதான். கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் பதினைந்து ஆண்டு போராடி, 2016இல்தான் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது. இடைக்காலத்தில் கண்மூடியவர்களை எண்ணிப் பாருங்கள்.

நம் தோழர் விஷயத்துக்குத் திரும்புவோம். எட்டாவது மாதம் அவர் இறந்துவிட்டார். அந்த வாயுவால்தான் நோய் வந்தது என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. அவர் குடித்ததுண்டு, அந்த அம்மாள் அதை மறைக்கவில்லை. ஈரல் கெட வேறு காரணங்களும் உண்டு. எந்த வகைக் கட்டி என்பதை முடிவு செய்யும் பரிசோதனைக்கு அவர் உடல் தாங்கவில்லை. ஆனால் காற்றில் எவ்வளவு இருந்தது, அவர் எத்தனை மணி உள்ளே நின்றார் என்ற ஏடு இருந்திருந்தால் டாக்டர் ஒரு அபிப்பிராயம் எழுதியிருப்பார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாதபடி செய்துவிட்டார்கள் என்பதே நம் புகார்.

இதில் நம் பங்கும் உண்டு. பழைய சர்க்குலர் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தோம். 1994இல் அந்த ஆலையில் நமது சங்கம் போட்ட கோரிக்கைப் பட்டியலில் போனஸ், பஞ்சப்படி, காண்டீன் தரம், சைக்கிள் ஷெட் எல்லாம் இருந்தன. கிளீனிங் ஆட்களுக்குப் பாலும் வெல்லமும் உயர்த்தித் தரவேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. அதில் வெற்றியும் பெற்றோம்! காற்றை அள, ஏட்டைக் காட்டு என்று ஒரு வரி இல்லை. காண்ட்ராக்ட் ஆட்கள் நம் உறுப்பினர் அல்ல என்று அவர்கள் பெயரை நாமும் எழுதி வைக்கவில்லை. நிர்வாகத்தின் ரோலிலும் இல்லை, சங்கத்தின் ரோலிலும் இல்லை. வெல்லத்துக்குக் கைதட்டியவர்களில் நாமும் ஒருவர்.

இப்போது காரியாலய பீரோவில் ஒரு நீளநோட்டு போட்டிருக்கிறோம். பெயர், ஊர், எந்தப் பகுதியில் வேலை, என்ன பொருள், எந்தத் தேதி முதல் எதுவரை, எந்தக் காண்ட்ராக்டர், கூட வேலை செய்த இருவர் பெயர். கசிவு நடந்த நாளில் நேரமும், மயங்கி விழுந்தவர் பெயரும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பேர் கையெழுத்து. இது நிர்வாகத்தின் ஏட்டுக்கு மாற்று அல்ல. காற்றை அளக்க நம்மிடம் கருவி இல்லை. ஆனால் ஒரு மனிதன் அங்கே இருந்தான் என்பதையாவது சொல்லும். காண்ட்ராக்ட் தோழர்களை வரும் ஞாயிறு பத்து மணிக்கு அழைத்து வாருங்கள். பழைய கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பி.எப். சீட்டு எது இருந்தாலும் எடுத்து வரட்டும். உறுப்பினர் சந்தா பாக்கியைப் பற்றி அன்று யாரும் பேசவேண்டாம்.

அந்த அம்மாளின் இழப்பீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டு பஸ் மாறி வாய்தா தவறாமல் வருகிறார். கேட் பாஸை கோர்ட் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது ஒரே ஒரு ஆண்டின் முத்திரை. மீதிக் காலத்துக்கு ஆள் சாட்சி வேண்டும். அடுத்த வாய்தா வரும் 14ஆம் தேதி. 1989க்கும் 2008க்கும் இடையே அந்த ரியாக்டர் பகுதியில் எந்த ஷிப்டிலாவது நின்ற தோழர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், டீ குடித்துவிட்டுக் கலைவதற்கு முன் மேஜையருகே வந்து பெயர் கொடுங்கள்.